நாலு நிமிஷம் பன்னிரண்டு நொடி

“அப்பா, டிவி சரியாயிடுச்சு” என்று மாடியிலிருந்து மகள் குரல் கொடுத்தபோது ஃபிட்டர் வாசலில் ஒற்றைக் காலில் நின்று, ஷூவிலிருந்து மழைத் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகும் அப்படியே நின்றான்.

சரியாகியிருக்க வழியே இல்லை. அதைக் கெடுத்து வைத்திருப்பவனே அவன்தான்.

பகல் இரண்டு மணி. அவன் வேலை செய்யும் பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஊரார் பம்பையெல்லாம் ரிப்பேர் செய்து கொடுக்கிற இடத்தில், தன் தண்ணீரை இறைக்க ஒரு பம்பு ஓடவில்லை. அந்த வெட்கத்தில் மேஸ்திரி எல்லோரையும் வீட்டுக்கு விரட்டிவிட்டார். பள்ளிக்கும் விடுமுறை. மகளுக்குப் பத்து வயது, முன்பற்கள் இரண்டும் பெரியவை, வீட்டில் பெயர் முயல். பக்கத்து வீட்டு அக்கா வந்து சாப்பாடு போட்டுவிட்டுப் போன தட்டு அப்படியே மேசையில் கிடந்தது. சாப்பாடு தொடப்படவில்லை.

“என்னம்மா சரியாயிடுச்சு?”

“அம்மா வீடியோப்பா. காலையிலேர்ந்து ஓடுது.”

அவள் குரலில் துள்ளல் இல்லை. தலையைத் திருப்பாமல் பேசுகிறவளின் குரல்.

முயலின் அம்மா செத்துப் பதினோரு மாதம் ஆகிறது. மீன் கிடங்கின் குளிர் அறையில் பெட்டி அடுக்கும் வேலை அவளுக்கு. அம்மோனியாக் குழாய் வெடித்த அன்று உள்ளே இருந்த ஆறு பேரில் நாலு பேர் வெளியே வந்தார்கள். அவளுடைய போனும் அவளோடு உள்ளேயே போயிற்று. மிஞ்சியது, போனில் இடம் பற்றாமல் அவளே அவ்வப்போது வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த அறுபத்தொரு வீடியோக்கள். படிக்கட்டுக்கு அடியில் சாமான் அறையில் இருந்த அந்தக் கம்ப்யூட்டரில், வீட்டிலுள்ள படங்களையெல்லாம் ஓரிடத்தில் வைத்து எந்த அறை டிவியிலும் பார்க்கச் செய்கிற ஒரு சாப்ட்வேர் ஓடியது. ஊரே ஒயர் என்று கூப்பிடும் கேபிள்காரப் பையன் போட்டுக் கொடுத்தது. முயல் தினமும் ஒரு வீடியோ பார்த்துவிட்டுத்தான் தூங்குவாள்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டர் அதில் படங்களுக்கென்று இரண்டாவதாக ஒரு டிஸ்க்கை மாட்டினான். பழையதும் புதியதும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. பட்டறையில் எதைக் கழற்றினாலும் முதலில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பான். அன்றைக்குக் குறி போடவில்லை. புதியது என்று நினைத்துப் பழையதைத் துடைத்துவிட்டான். முழுத் துடைப்பு. அறுபத்தொன்றும் போயின.

பட்டியல் மட்டும் போகவில்லை. அந்தச் சாப்ட்வேர் படங்களை ஓரிடத்திலும் படங்களைப் பற்றிய விவரங்களை இன்னோரிடத்திலும் வைக்கும். அந்த விவரக் கிடங்குக்கு டேட்டாபேஸ் என்று பெயர். படத்தின் பெயர், ஒரு சின்னப் படம், எத்தனை நிமிடம், பார்த்தவர் எந்த நொடியில் நிறுத்தினார் என்பது வரை அதில் இருக்கும். ‘சைக்கிள்.’ ‘சடை.’ ‘சும்மா 1.’ ‘சும்மா 2.’ எல்லாம் அவள் வைத்த பெயர்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் இப்போது ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. கோப்பு இல்லை என்று அர்த்தம்.

பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. கம்ப்யூட்டருக்குள் யார் நுழையலாம் யார் நுழையக்கூடாது என்று காவல் காப்பது ஃபயர்வால். அதில் மாடி டிவிக்கு அனுமதி இல்லை என்று ஒரு விதியை எழுதி வைத்தான். டிவியில் ‘சர்வருடன் இணைக்க முடியவில்லை’ என்று வந்தது. “ஃபயர்வால் பிரச்சினைடா, அப்பா பாக்கறேன்” என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சாமான் அறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, முயலுக்குக் கேட்கும்படி கம்ப்யூட்டரைத் திட்டினான். வேலை பொய், திட்டு உண்மை.

ஈர ஷூவை அப்படியே போட்டுவிட்டுச் சாமான் அறைக்குள் குனிந்து நுழைந்தான். பழைய பெயிண்ட் டப்பா, துருவேறிய மண்வெட்டி, நனைந்த சாக்கு, இவற்றின் வழக்கமான வாசனைக்கு மேலே வேறு ஏதோ ஒன்று மூக்கின் உள்நுனியை லேசாகச் சுண்டியது. தும்மல் வருவதுபோல் வந்து வராமல் நின்றது. திரையைத் தட்டி எழுப்பினான். ஃபயர்வாலைத் திறந்தான்.

விதி அப்படியே இருந்தது. மாடி டிவி, அனுமதி இல்லை. அதற்குப் பக்கத்தில், டிவி வந்து கதவைத் தட்டித் திரும்பிய கணக்கு. கடைசியாகத் தட்டியது நேற்று இரவு ஒன்பதே கால். இன்று ஒரு முறைகூடத் தட்டவில்லை.

அடுத்து, சாப்ட்வேரில் இப்போது யார் என்ன பார்க்கிறார்கள் என்று காட்டும் பக்கம். வெறுமையாக இருக்க வேண்டிய அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது.

மாடி டிவி. ‘சடை.’ ஓடுகிறது.

அவனுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பம்பு என்றால் காதை வைத்துக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். இந்தச் சனியனில் காதை எங்கே வைப்பது, எங்கே சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவது? ஒயருக்குப் போன் போட்டான்.

“அண்ணே, நான் கம்பத்து மேல இருக்கேன். ஊரே கனெக்‌ஷன் போச்சுன்னு கத்துது. நீங்களுமா?”

“எனக்குப் போகலடா. வந்துடுச்சு, அதான் பிரச்சினை.”

“இதுக்கெல்லாம் கம்ப்ளைன்ட் பண்ற முதல் ஆள் நீங்கதான்.”

“தம்பி, கிண்டலை அப்புறம் வச்சுக்க. டிவியைத் தடுத்து விதி போட்டிருக்கேன். விதி இருக்கு. ஆனா டிவியில ஓடுது. எப்படி?”

மழையும் காற்றும் போனுக்குள் இரைந்தன. ஒயர் வாயில் எதையோ கடித்துக்கொண்டு பேசினான். “நீங்க போட்ட விதி வெளியேர்ந்து உள்ள வர்றவங்களுக்குண்ணே. டிவி வந்து கேட்டா விடாது. கம்ப்யூட்டரே கூப்பிட்டு, இந்தா பாருன்னு டிவிக்கு அனுப்பினா, அதை எதுக்கு ஃபயர்வால் தடுக்குது? உள்ளேர்ந்து வெளிய போறவனை வாட்ச்மேன் கேக்க மாட்டான்ல?”

“கம்ப்யூட்டர் தானா கூப்பிடுமா?”

“தானா எப்படிண்ணே கூப்பிடும்? யாராவது அதுக்கு முன்னாடி உக்காந்து, மாடி டிவியில ஓட்டுன்னு குடுத்திருப்பாங்க. முயல் குடுத்திருக்கும். விஷமக்கார வாலு.”

முயலுக்குச் சாமான் அறை என்றால் பயம். பல்லிக்குப் பயந்து வாசல்படியைக்கூடத் தாண்ட மாட்டாள்.

“இல்ல தம்பி. அந்த ஃபைலே இல்லடா. அழிஞ்சு போச்சு. நாலு மாசமாச்சு.” முதன்முறையாக ஒருவரிடம் சொல்லிவிட்டான். நெஞ்சு லேசாகவில்லை.

“இல்லாத ஃபைல் ஓடாதுண்ணே. டேட்டாபேஸ் குழம்பியிருக்கும். பராமரிப்புன்னு ஒரு மெனு இருக்கும் பாருங்க. அதுல விடுபட்டவற்றை நீக்குன்னு இருக்கும். ஒவ்வொரு பேரா எடுத்து, ஃபைல் இருக்கான்னு போய்ப் பாத்து, இல்லாததையெல்லாம் பட்டியல்லேர்ந்து தூக்கிடும். ஒரு அமுக்கு. முடிஞ்சுது.”

“பேரும் போயிடுமா?”

“போனாத்தானே சுத்தம்?”

அந்த மெனு ஃபிட்டருக்குத் தெரியும். நாலு மாதமாகத் தொடாமல் வைத்திருக்கிறான். அவள் கைப்பட அடித்த பெயர்களும் தபால் தலை அளவு முகங்களும்தான் மிச்சம். அதையும் தன் கையாலேயே அழிப்பதா?

“வேற வழி சொல்லு.”

“வெளிய போறதையும் தடுத்து ஒரு விதி போடுங்க. போன் நனையுது, வச்சிடறேன்.”

விதியைப் போட்டான். சேமித்தான். பக்கத்தைப் புதுப்பித்தான். ‘சடை.’ ஓடுகிறது. இரண்டாவது முறை போட்டான். கணக்கு ஏறவே இல்லை. அவன் விதியில் எதுவும் வந்து மோதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரின் பின்னால் கையை விட்டு நெட்வொர்க் ஒயரையே பிடுங்கினான். பச்சை விளக்கு அணைந்தது. ‘சடை.’ ஓடுகிறது. அந்தப் பெயரை மட்டும் நீக்கிப் பார்த்தான். ‘இந்தப் படம் இப்போது பார்க்கப்படுகிறது. நீக்க இயலாது.’

கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். அப்போதுதான் அந்த எண்களைப் பார்த்தான்.

‘சடை’யின் நீளம் நாலு நிமிஷம் பன்னிரண்டு நொடி. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் போனைக் கண்ணாடி மேல் சாய்த்து வைத்து, முயலை முன்னால் உட்காரவைத்து, நான் இல்லாதப்ப நீயே பின்னிக்கணும், பாத்துக்க என்று அவள் சொல்லிக்கொடுத்த நாலு நிமிஷம் பன்னிரண்டு நொடி. கடைசி நொடியில் கை போனைப் பிடிக்க வரும். இருட்டும். முடிந்துவிடும். அவனுக்கு அது மனப்பாடம்.

ஓடிக்கொண்டிருக்கும் இடம் என்று சாப்ட்வேர் காட்டியது ஆறு மணி இருபத்தொரு நிமிஷம் நாற்பது நொடி.

நாற்பத்தொன்று.

நாற்பத்திரண்டு.

படம் முடிந்த பிறகும் ஆறு மணி நேரத்துக்கு மேலாக அது ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த சின்னப் படமும் மாறியிருந்தது. பழைய படத்தில் அவள் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். இதில் குனிந்திருந்தாள். முகம் தெரியவில்லை, உச்சந்தலை மட்டும். வேலையில் மூழ்கியவளின் குனிவு. முடியெல்லாம் ஈரமாக ஒட்டியிருந்தது, வெண்மையாக ஏதோ படிந்திருந்தது. உப்பா, உறைபனியா? அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்கில் சுண்டிய அந்த வாசனைக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அம்மோனியா. கிடங்கு வாசலில் அவளுக்காகக் காத்து நின்ற பதினொன்றரை மணி நேரமும் அவன் சுவாசித்த வாசனை அது.

படிகளை இரண்டிரண்டாக ஏறினான்.

அறையில் ஜன்னல் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. மழை வெளிச்சம் அதன் வழியாகச் சாம்பல் நிறத்தில் கசிந்தது. முயல் தரையில் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். டிவியில் நாலு மாதமாக இருந்த அதே நீலத் திரை. ‘சர்வருடன் இணைக்க முடியவில்லை.’ சத்தம் இல்லை. படம் இல்லை.

முயல் அதைப் பார்த்துச் சிரித்தாள். யாரோ சொன்னதற்குப் பதில் சிரிப்பு.

“முயல். என்ன பாக்கற?”

“அம்மாவை.”

“அதுல ஒண்ணும் வரலையேடா.”

“நீங்க அங்க நின்னா தெரியாதுப்பா. இங்க உக்காந்தாத்தான்.” பிறகு, அதே சாதாரணக் குரலில், “அப்பா, அம்மா கேக்கறாங்க. எதுக்கு அழிச்சீங்கன்னு.”

அவன் ஒயரிடம் சொன்னது கீழே, சாமான் அறையில், கதவை மூடிக்கொண்டு, இந்த இரைச்சல் மழையில். அதற்கு முன் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

“தெரியாம நடந்துடுச்சுன்னு சொல்லு” என்றான். ஏன் சொன்னான் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

முயல் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “பரவாயில்லையாம். அங்க ரொம்பக் குளிராம். அதான் வந்துட்டேன்னு சொல்றாங்க.”

ஃபிட்டர் எட்டி டிவியின் பிளக்கைப் பிடுங்கினான். நீலத் திரை செத்தது. கறுப்புக் கண்ணாடியில் அவனும் முயலும் மங்கலாகத் தெரிந்தார்கள். வேறு யாரும் தெரியவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டு, மகளைத் தூக்கக் குனிந்தவன் அவள் பிடரியைப் பார்த்தான்.

மனைவி செத்த பிறகு முயலுக்குச் சடை பின்ன அவனுக்கு வரவில்லை. ஸ்பானர் பிடித்துக் காய்த்த விரல்களுக்கு மூன்று கால் முடியைப் பிரித்துப் போடத் தெரியவில்லை. இரண்டு வாரம் முயன்று, இரண்டு பேரும் அழுது, கடைசியில் முடிவெட்டுகிறவனிடம் கூட்டிப் போய்த் தோளுக்கு மேலே வெட்டச் சொன்னான். அந்தக் குட்டை முடி இப்போது வகிடு எடுத்து, படிய வாரி, பிடரியில் மூன்று திருப்பு இறுக்கமாகப் பின்னப்பட்டிருந்தது. அவளுடைய பின்னல். இடப்பக்க முடியை எப்போதும் மேலே போட்டுத் தொடங்குகிற அவளுடைய பின்னல்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். முயல் வரவில்லை. இன்னும் பலமாகத் தூக்கினான்.

“அப்பா. வலிக்குது.”

நெற்றித் தோல் பின்பக்கமாக இழுபட்டுப் புருவம் மேலேறியிருந்தது. பிடரிக்குப் பின்னால் வெறும் காற்று. அந்தக் காற்றில் கையை வைத்தான். குளிர் அறைக் கதவைத் திறந்ததுபோல் விரல்கள் விறைத்தன. கையை இழுத்துக்கொண்டான். அவளையும் விட்டான். அவள் மெதுவாக, பின்பக்கமாகவே இழுக்கப்பட்டுப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

“தலையை ஆட்டக் கூடாதாம். இன்னும் கொஞ்சம்தானாம்.”

“அப்பா நிறுத்திடறேன். பயப்படாத.”

“எனக்குப் பயமில்லையே” என்றாள் முயல்.

கீழே ஓடினான். கடைசிப் படியில் ஈரப் பாதம் வழுக்கி முழங்கால் தரையில் மோதியது. நொண்டிக்கொண்டே சாமான் அறைக்குள் போனான். பெயிண்ட் டப்பாக்களின் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு. அவன் மூச்சு புகையாக வந்தது. கண் எரிந்து நீர் வழிந்தது.

மின்சாரத்தைப் பிடுங்கலாமா? பிடுங்கினால் இன்றைக்கு நிற்கும். நாளைக்குக் கரண்ட் வந்ததும் பட்டியல் வரும். பட்டியலில் பெயர் இருக்கும். ஓடுவது படமல்ல. படம் என்றைக்கோ போய்விட்டது. பெயர்தான் ஓடுகிறது. அவன் அழிக்க மனம் வராமல் வைத்திருந்த அந்தப் பெயர்.

பராமரிப்பு. விடுபட்டவற்றை நீக்கு.

‘அறுபத்தொரு படங்கள் விடுபட்டிருக்கலாம். நீக்கியதை மீட்க இயலாது. தொடரவா?’

‘சைக்கிள்’ என்ற பெயரின் மேல் ஒரு கணம் கண் நின்றது. அதில் அவள் முயலின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, மூச்சு வாங்கி, போனைப் பிடித்திருந்த இவனைத் திட்டுவாள். சும்மா நிக்காதய்யா, ஒரு கை பிடி. அது போனால் அந்தத் திட்டைக் கேட்டதற்கு அவன் காது மட்டும்தான் சாட்சி.

“மன்னிச்சுக்க” என்று திரையிடம் சொன்னான். பெண் உயிரோடு இருக்கிறாள். அவள் வேண்டும்.

தொடர் என்பதை அமுக்கினான்.

பட்டை நகர்ந்தது. மெதுவாக. ஒவ்வொரு பெயராக எடுத்துக்கொண்டு போய், கோப்பு இருக்கிறதா என்று தேடிவிட்டு வந்தது. பத்து. இருபது. டிஸ்க் கடகடவென்று உள்ளே எதையோ அரைத்தது. நாற்பத்தெட்டு. துடைத்த டிஸ்க்கில் என்ன தேடுகிறாய், சீக்கிரம் முடி. ஐம்பத்தைந்து. உதட்டில் கண்ணீர் உப்புக் கரித்தது. அறுபது.

அறுபத்தொன்று.

‘சரிபார்ப்பு முடிந்தது. நீக்கப்பட்டவை: 0. எல்லாக் கோப்புகளும் உள்ளன.’

திரும்பப் படித்தான். பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. சிவப்புப் பெருக்கல் குறிகள் ஒன்றுகூட இல்லை. அறுபத்தொரு சின்னப் படங்களிலும் ஒரே குனிந்த தலை.

‘சடை’யின் பக்கத்தில் மட்டும் புதிதாக ஒரு வார்த்தை.

முடிந்தது.

மாடியில் சத்தம் இல்லை. மழைகூட நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது?

ஏறினான். ஒவ்வொரு படியாக. முழங்கால் வலித்தது. கைப்பிடி குளிர்ந்து கையில் ஒட்டியது.

கதவு திறந்திருந்தது.

முயல் அதே இடத்தில், அதே மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டிவி இருண்டிருந்தது. தோளுக்கு மேல் வெட்டிய முடியில் தொடங்கிய பின்னல் தோளோடு நிற்கவில்லை. அவள் பிடரியிலிருந்து பின்னோக்கி, தரையைத் தொடாமல், கட்டி இழுத்த கயிறுபோல விறைப்பாகக் காற்றில் நீண்டிருந்தது. முதல் சாண் வரை மெல்லிய முடி, முயலுடையது. அதற்கப்பால் வேறு முடி. கனத்த, நீளமான, ஈரமான முடி. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக, எது எங்கே முடிகிறது என்று தெரியாதபடி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிய, ஒரே பின்னலாக இறுக்கப்பட்டிருந்தன. தரையில் உட்கார்ந்த ஒரு பெரிய பெண்ணின் பிடரி எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில், வெறும் காற்றில் அது போய் நின்றது.

“முயல்” என்றான்.

“அம்மா பின்னி முடிச்சிட்டாங்கப்பா. போலாம்னு சொல்றாங்க.”

“எங்கடா?”

முயல், அம்மா சொல்லிக்கொடுத்திருந்தபடி பாவாடையைத் தட்டிவிட்டு, தலையை அசைக்காமல், பதமாக எழுந்து நின்றாள்.

பின்னலின் மறுமுனையும் எழுந்தது. அவள் உயரத்தைத் தாண்டி.